பிடிக்கு அகப்படாத அணு

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நோயுற்ற உயிரணுவின் மேற்புறத்தில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி நிறைந்து, ‘வளர், பெருகு’ என்று ஓயாமல் உத்தரவிட்டுக்கொண்டிருக்கிறது. அத்தகைய நோய் உக்கிரமானது என்பதை 1987-இல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். அப்புரதத்தின் வெளித்தலையைப் பற்றிக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து 1998-இல் அந்நாட்டில் அனுமதி பெற்றது.

ஆனால் இந்நோய் லேசில் அடங்குகிற ஜாதியல்ல. சில அணுக்களில் அந்த வெளித்தலையே அற்றுப்போக, எஞ்சிய பகுதி மட்டும் பழைய உத்தரவையே பிறப்பித்துக்கொண்டிருக்கிறது. குடுமியைப் பிடிக்கப் போனவனுக்கு மொட்டைத்தலை வாய்த்த கதைதான்! ஆகவே அணுவின் உள்ளே புகுந்து புரதத்தின் வினையை முடக்கும் லபாட்டினிப் மாத்திரை 2007-இல் வந்தது.

அதற்கும் மசியாத அணுக்கள் உண்டு. 2019-இல் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்பதோ, எதிர்ப்பொருளின் மேல் ஏற்றிய விஷத்தை அணுவுக்குள் கொண்டுபோய் அவிழ்ப்பதோடு நில்லாமல், அவ்விஷம் கசிந்து, ஹெர்-2 குறைந்த அண்டை அணுக்களையும் மாய்க்கும்படி அமைந்தது. என் அபிப்பிராயத்தில் இதுவே மிகச் சாமர்த்தியமான யுக்தி. எனினும் சிலருக்கு இது நுரையீரலில் அழற்சியை உண்டாக்குமாதலால், இம்மருந்து பெறுகிறவர்கள் புதிதாக இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால், அற்பமென்று ஒதுக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.