மூன்றாம் தவணையும் பிள்ளைகளின் பத்திரங்களும்

(மலையகப் பாடசாலைகளில் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், தோட்டங்களிலிருந்து வந்து வடக்கில் குடியேறிய குடும்பங்களும் செப்டெம்பர் மாதம் பண்டத்தரிப்பில் கூடியபோது, எமது சங்கத்தின் கல்விக் குழு ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ள அங்கத்தவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் முழுமையாகத் தருகிறோம்.)



ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த களைப்பு எங்கள் முகத்தில் தெரியும். அதற்காக உரையைச் சுருக்கப் போவதில்லை. செப்டெம்பர் வந்துவிட்டது, ஆண்டின் கடைசித் தவணை. வருகிற வருடம் எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் இருக்கும் என்பது இந்த மாதங்களில்தான் முடிவாகிறது. ஆகவே பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

பண்டத்தரிப்பில் நின்று பாடசாலையைப் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம். அமெரிக்க மிஷனரிமார் 1816ஐ ஒட்டித் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கினார்கள். 1820ஐ ஒட்டி வைத்தியர் ஜோன் ஸ்கடர் இந்த ஊருக்கு வந்து தங்கினார். வேலூரில் பெரிய மருத்துவக் கல்லூரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்திதான். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அதே வருடங்களில்தான் எங்கள் பாட்டன் பூட்டிமார் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போடக் கொண்டுவரப்பட்டார்கள். 1823ஐ வைத்துத்தான் 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் சனங்கள் நடந்தார்கள். இங்கே பெண்பிள்ளைக்கு விடுதி கட்டிய காலத்தில் அங்கே எங்கள் பெண்பிள்ளைக்குக் காடு வெட்டிய மலை. ஒரே தீவு, ஒரே பாஷை.

இங்கேயும் பள்ளிக்கூடக் கதவு எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வேண்டும் என்று 1920களிலும் 1930களிலும் போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர்கள் அதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அதனால்தான் இந்த மண்டபத்தில் எங்கள் கதையைச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறோம்.

தோட்டத்தில் பாடசாலை வைக்கத் துரைமாருக்குப் பொறுப்பு உண்டு என்று 1907இலும் 1920இலும் சட்டம் வந்தது. வந்த பாடசாலை எப்படி இருந்தது என்று மூத்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசாங்கம் கட்டம் கட்டமாக அவற்றைப் பொறுப்பேற்றது. அதற்குப் பிறகு உங்களில் பலர் இங்கிருந்து வந்து அட்டைக்கடியும் குளிரும் பொறுத்து எங்களுக்குப் படிப்பித்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

இப்போது கட்டடம் இருக்கிறது, பாடப்புத்தகம் இலவசம், சீருடைத் துணி இலவசம். ஆனாலும் பிள்ளை வாசலில் நிற்கிறது. எதனால் என்றால், கடதாசியால்.

எங்கள் அங்கத்தவர் ஒருவர், கொழுந்தெடுக்கும் தாய், மகளை டவுன் பாடசாலையில் தரம் 1இல் சேர்க்க ஆசைப்பட்டார். பெரிய தூரமில்லை, நடந்தே போகலாம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருந்தது. வீட்டு உறுதியைக் கேட்டார்கள். லயத்துக் காம்பிராவுக்கு ஏது உறுதி? தோட்ட ஆபிசில் வதிவிடக் கடிதம் வாங்க மூன்று நாள் போனார். மூன்று நாளும் பேர் இல்லை. கடைசியில் நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, தப்பால் பையிலேயே கிடந்து, திகதி முடிந்த பிறகு லயத்துக்கு வந்தது. மேன்முறையீடு எழுதிக்கொடுக்க எங்கள் ஆளும் பிந்தித்தான் போனார். அந்தக் குற்றம் எங்களுடையது, மறைக்கவில்லை.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கைகளில் பல வருடமாக அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம் என்று இடம் பிரித்திருக்கிறார்கள். எங்கள் தாய் தகப்பன் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். அவர்கள் எந்த டவுன் பாடசாலைக்குப் பழைய மாணவர்? ஆக அந்த 25 வீதம் எங்களுக்கு இல்லை. மிச்சம் 'அருகில் வசிப்போர்'. இருநூறு வருடம் அருகில்தான் வசிக்கிறோம். ஆனால் அதற்குப் புள்ளி போடுவது வாக்காளர் இடாப்பையும் வீட்டுப் பத்திரத்தையும் பார்த்து. 7 பேர்ச் காணிக்கு உறுதி கொடு என்று நாங்கள் கத்துவதை வீட்டுப் பிரச்சினை என்று மட்டும் நினைக்கிறார்கள். அது பாடசாலைப் பிரச்சினையும்தான்.

உறுதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. தாய்மார்களே, வருகிற வருடம் விண்ணப்பம் போட இருப்பவர்கள் இப்போதே பிறப்புச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பியுங்கள், அது ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. பாடசாலையில் சேரும் வருடம் ஜனவரி 31ஆம் திகதிக்குப் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் கணவன் பெயர் மட்டும் இருந்து உங்கள் பெயர் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கடந்த ஐந்து வருட இடாப்பைப் பார்ப்பதால், இன்றைக்குச் சேர்த்தால்தான் கடைக்குட்டிக்காவது உதவும். இங்கே வடக்கில் குடியேறியவர்களுக்கும் இதையே சொல்கிறோம். பழைய தோட்டத்து இடாப்பில் பெயரை விட்டுவிட்டு இங்கே பதியாமல் இருப்பவர்கள் உங்களுக்குள்ளும் இருக்கிறார்கள்.

டவுன் பாடசாலை கிடைக்கவில்லை என்று பிள்ளையை ஒரு வருடம் வீட்டில் வைத்திருப்பதை மட்டும் செய்யாதீர்கள். தோட்டப் பாடசாலையைக் குறைவாகப் பேசுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே பிள்ளை குறைந்தால் ஆசிரியரும் குறைவார். அப்புறம் அந்தக் கதவும் மூடும்.

தரம் 5 புலமைப்பரிசில் உதவித்தொகை மாதம் 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். அஸ்வெசும எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபாவும் அந்த வருடம் கொடுத்தார்கள். அறிவித்தல் தோட்டத்துக்கு வருவதற்குள் காலம் முடிந்துவிடக் கூடாது. அதிபரிடம் நீங்களாகவே போய்க் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாதாரண தரம் எழுதாமலே கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016 முதல் 16 வயது வரை பாடசாலை கட்டாயம். 2021இல் வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதையும் 16 ஆக்கிவிட்டார்கள். கூட்டிப்போக வரும் தரகருக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அவர் வருகிறார்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் வைத்திருக்கும் கோரிக்கை இரண்டு. பாடசாலை நேர்முகத்துக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது. பாடசாலைக் கடிதம் ஆபிசுக்கு வந்த அன்றே லயத்துக்குப் போக வேண்டும். முதலாவதற்கு இழுபறிதான். இரண்டாவதற்குப் பணம் செலவில்லை, ஆகவே விடமாட்டோம்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் கேட்க வந்தது இதுதான். எங்கள் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் போதாது. டிசம்பர் விடுமுறையில் இரண்டு கிழமை வந்து சாதாரண தரப் பிள்ளைகளோடு இருக்க முடிந்தவர்கள் பெயர் தாருங்கள். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. குளிர் உங்களுக்குப் பழக்கம்தானே.

கூட்டம் முடிந்தபின் பின்வரிசை மேசையில் இருப்போம். விண்ணப்பம், திருத்தப் படிவம் எல்லாம் அங்கேயே நிரப்பித் தருகிறோம். நாளைக் காலையும் பத்து மணிவரை இங்கேதான். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கொண்டு வாருங்கள். போட்டோப் பிரதியை மட்டும் கொண்டு வந்து எங்களைத் திண்டாட வைக்காதீர்கள்.