தை மாதத்துப் பதிவேடு

(2025 ஜூன் மாதம் ஜவ்வாது மலையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊருக்கெல்லாம் புத்தாண்டு ஜனவரியிலோ சித்திரையிலோ பிறக்கும். நமக்கு ஜூனில்தான். 2-ஆம் தேதி பள்ளி திறந்தோம்; புதுப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம். கடந்த ஆண்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாதனைப் பட்டியல் கொண்டுவரவில்லை. 2024–25 வருகைப் பதிவேட்டைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. எங்கள் ஆண்டுச் சராசரி வருகையை யாரும் குறை சொல்ல முடியாது. மாதம் மாதமாகப் புரட்டினால்தான் விஷயம் தெரிகிறது. ஜூன், ஜூலையில் வகுப்பு நிறைந்திருக்கிறது. சாமை அறுப்பின்போது ஆளுக்கு நான்கைந்து நாள் வரவில்லை. களத்து வேலை முடிந்ததும் வந்துவிட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலையில் மண் சரிந்து உயிர்கள் போன நாட்கள் அவை. பள்ளிக்கு விடுமுறை. அந்த இழப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். பொங்கல் முடிந்த பிறகுதான் பதிவேடு மாறுகிறது. ஆறு முதல் எட்டு வரை ஒன்பது பெயர்களுக்கு நேரே அந்த வாரம் விழுந்த ‘வரவில்லை’ ஏப்ரல் வரை நீள்கிறது.

நம் மலையிலேயே, காவலூர் வானாய்வகத்தில், 1988 பிப்ரவரியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதை இராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். கணக்கு டீச்சருக்கு அதில் ஒரு பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வானத்தின் ஒரே பகுதியை விட்டு விட்டுப் படமெடுத்து, எந்தப் புள்ளி இடம் மாறியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சிறுகோள் தேடும் முறை. பதிவேட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சராசரி போட்டால் நகர்ந்த புள்ளி மறைந்துபோகும்.

அந்த ஒன்பது பேரும் எங்கே போனார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். குடகு, சிக்மகளூர் பக்கம். காபி பறிப்பு, அதை ஒட்டி மிளகு. பெற்றோர் போகிறார்கள், பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். பிப்ரவரியில் வீடு தேடிப் போனால் பூட்டுதான் இருக்கும். ஆனால் போவதென்று முடிவானது தையில் அல்ல, கார்த்திகையில். மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போகும் மாதம் அது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா நவம்பர் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக, “எங்க ஊர்ல பணம் வாங்கியாச்சு டீச்சர்” என்றார். எந்தெந்த வீடு என்று அவரிடமே கேட்டு எழுதினோம். பதின்மூன்று பிள்ளைகள் தேறினார்கள்.

அந்த வீடுகளுக்குப் போனபோது “படிப்பு முக்கியம்” என்று நாங்கள் ஆரம்பிக்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியாததில்லை. “பிள்ளையை இங்கே விட்டால் யார் பார்த்துக்கொள்வது?” என்ற கேள்விதான் எல்லா வீட்டிலும் வந்தது. பாட்டி இருக்கும் வீடு என்றால் பேச முடிகிறது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் தம்பி தங்கைக்குக் காலை உணவும் பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. பெரிய பிள்ளைக்கு மதியம் மட்டும்தான். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் காலையில் பசிக்காதா என்று ஒரு பாட்டி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அக்காவை விட்டுப் போகவே மாட்டார்கள். தோட்டத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள்தான் வேண்டும். பதின்மூன்றில் நான்கு பேர் தாத்தா பாட்டியோடு தங்கினார்கள். மற்ற ஒன்பது பேர்தான் நான் சொன்ன பெயர்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் ஆண்டு நடுவில் இடம் கேட்டு அலைவதைவிட, தை முதல் சித்திரை வரை ஒரு பருவகால விடுதி இங்கேயே இருந்தால் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும். எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஏழாம் வகுப்புக் கணக்கில் ‘சதவீதமும் தனிவட்டியும்’ எந்தப் பருவத்தில் வருகிறது? மூன்றாம் பருவம். முன்பணம் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு மிகவும் தேவைப்படும் பாடம், அவன் ஊரில் இல்லாத மாதங்களில் நடக்கிறது. மூன்றாம் பருவப் புத்தகத்தைப் பிரிக்காமலேயே எட்டாம் வகுப்புக்கு வந்துவிடுகிறான். இந்த ஆண்டு அந்தப் பாடத்தை ஐப்பசிக்குள் நடத்திவிடப் போகிறேன். மூன்றாம் பருவத்தில் இருப்பவர்களுக்கு மீண்டும் ஒருமுறை நடத்தினால் கெட்டுப்போகாது.

திரும்பி வந்த பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பையன் கன்னடத்தில் எண் சொல்கிறான். கிலோக் கணக்கில் கூலி போடுவதைப் பார்த்துப் பார்த்து மனக்கணக்கு ஓடுகிறது. போன வாரம் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். இருபதாயிரம் ரூபாய் முன்பணம், கூலியில் வாரம் ஆயிரம் பிடித்தால் எப்போது தீரும்? மற்றவர்கள் “இருபது வாரம்” என்று நிறுத்திக்கொண்டார்கள். அவன் விரல் விட்டு எண்ணி, “பொங்கலுக்கு அடுத்து ஆரம்பிச்சா ஜூன்ல முடியும். ஸ்கூல் தொறந்துடும் டீச்சர்” என்றான்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வராதது எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண். அவளுக்கு வீட்டில் இரண்டு வயதில் ஒரு தம்பி. ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டியவள். மாற்றுச் சான்றிதழ் கையெழுத்தாகி எங்கள் பீரோவில் இருக்கிறது. வாங்க யாரும் வரவில்லை. அப்பாவின் போன் அணைத்திருக்கிறது. அவள் சித்தி குடும்பம் போன வாரம் மலையேறி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கூட்டம் முடிந்ததும் சான்றிதழை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறேன். அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். உங்கள் பள்ளியிலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் வராமல் இருந்தால் இப்போதே பெயரைக் கொடுங்கள். ஒரே நடையில் கேட்டுவிட்டு வருகிறேன்.