ரெண்டாவது பேஸ்

(நம் பகுதி இசைக் கலைஞர்களுக்காக நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் ‘இசையும் விடுதலையும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். அதைப் பேச இங்கே என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இருபத்தாறு வருசமா மெல்லிசைக் கச்சேரியில பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். அதனால நான் பேசப் போறது ஒரு சின்ன விசயம். கச்சேரிக்குப் போற நம்ம பையன் கையில ரெண்டாவதா ஒரு கருவி இருக்கணும். அதைக் குறைஞ்ச காசுல எப்படி வாங்குறது? அவ்வளவுதான்.

எங்க அப்பா பறையடிச்சவர். சாவு மேளத்துக்குப் போகும்போது எப்பவும் ரெண்டு பறை எடுத்துட்டுப் போவார். வேப்பங்கட்டையில வளையம், கன்னுக்குட்டித் தோல். பனியிலயும் மழையிலயும் தோல் தளர்ந்துடும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி ஏத்துவாங்க. ஒண்ணு காயும்போது இன்னொண்ணு அடிபடும். காய்ச்சும்போது தோல் கிழிஞ்சா அதுக்கும் ரெண்டாவது வேணும். பறை நிக்கக் கூடாது. நின்னா ஊர்க்காரன் கூலியைக் குறைப்பான், சில சமயம் கையும் நீளும். பறை அடிமைச் சின்னமா, விடுதலைக் கருவியா என்று நம் மேடைகளில் எவ்வளவோ விவாதித்திருக்கிறோம். அந்த விவாதம் முக்கியம்தான். ஆனால் ‘ரெண்டாவது கருவி இல்லாமல் வாசலைத் தாண்டாதே’ என்கிற தொழில் அறிவும் அந்தச் சேரியில்தான் இருந்தது. நான் கிட்டாரைக் கையில் எடுத்ததும் அதை மறந்துவிட்டேன். ஏதோ பெரிய இடத்துக்கு வந்துவிட்ட நினைப்பு.

2009இல் கடலூர்ப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. என்னிடம் இருந்தது ‘ஆக்டிவ்’ பேஸ். உள்ளே ஒரு சின்ன மின்சுற்று இருக்கும், அதுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி வேணும். இந்த வகைக் கிட்டாரில் ஜாக்கில் ஒயரைச் சொருகினாலே சுற்று ஓட ஆரம்பிச்சிடும். மத்தியானம் ஒலி சரிபார்த்துட்டு ஒயரைப் பிடுங்காம விட்டுட்டேன். முந்தின மாசப் பேட்டரி வேற. ராத்திரி பதினொரு மணி, ஏழாவது பாட்டு. முதல்ல கரகரன்னுச்சு, அப்புறம் சுத்தமா செத்துப்போச்சு. பேட்டரி தீர்ந்தாலும் சத்தம் வர்ற மாதிரி சில கிட்டாரில் ஒரு சுவிட்ச் வைப்பாங்க. என்னுடையதில் இல்லை.

மேடைக்குக் கீழே அடுத்த நாள் கச்சேரிக்கு வந்திருந்த இன்னொரு குழு இருந்தது. அவங்க பேஸ் வாசிக்கிறவர்கிட்ட, ‘அண்ணே, ஒரு அரைமணி நேரம் குடுங்க’ன்னு கேட்டேன். ‘என் கிட்டாரை யாருக்கும் குடுக்கிறதில்லை தம்பி’ன்னார். அது சாதியா, கருவிமேல இருக்கிற பாசமான்னு இன்னைக்கும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முந்தின மாசம் அதே கிட்டாரை வேற ஒருத்தர் வாங்கி வாசிச்சதை என் கண்ணால பார்த்திருக்கேன். விழாக் கமிட்டியில் ஒருத்தர் மட்டும் மறைக்காமல் சொன்னார்: ‘கொட்டு அடிக்கிற கையில கிட்டாரைக் குடுத்தா இப்படித்தான்.’

கடைசியில் காப்பாத்துனது மைக்செட் பையன். நம்ம பையன்தான். மல்ட்டிமீட்டரைக் கழற்றி அதுக்குள்ள இருந்த பேட்டரியை எடுத்துக் கொடுத்தான். அதுக்குள்ள அஞ்சு பாட்டு போயிடுச்சு. அந்த அஞ்சு பாட்டையும் கீபோர்டுக்காரர் இடது கையால பேஸ் போட்டு ஒப்பேத்தினார். சனங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை. இதுதான் எனக்கு விழுந்த உண்மையான அடி. எழுநூறு ரூபா சம்பளம் பிடிச்சது பெரிசில்லை. பேஸ் இல்லாமலே கச்சேரி நடக்கும்னு குழு நடத்துறவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த ரெண்டு மாசம் எனக்குக் கூப்பாடு வரலை.

அதனால ரெண்டாவது கிட்டார் எப்படி இருக்கணும்னு கேட்டா, நான் முதல்ல சொல்றது: பேட்டரி கேட்காததா இருக்கணும். ‘பேஸிவ்’னு சொல்றது. காந்தம், கம்பிச்சுருள், ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான் உள்ள. கெட்டுப்போக அதிகம் ஒண்ணுமில்லை. கெட்டாலும் நம்ம தெரு ரேடியோ மெக்கானிக் பத்த வச்சிடுவார்.

இந்த மாதிரியைக் கொண்டுவந்த லியோ பெண்டரே கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர்க் கடை வச்சிருந்தவர்தான். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! 1951இல் பிரிசிஷன் பேஸ் என்று ஒன்றைச் செய்தார். தந்தி நீளம் 34 அங்குலம். 1957இல் அதன் பிக்கப்பை ரெண்டு துண்டாக்கினார். ஒரு துண்டின் சுற்றும் காந்தமும் இன்னொரு துண்டுக்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். நமக்கு இது ஏன் முக்கியம்? நம்ம மேடை எப்படிப்பட்டதுன்னு நினைச்சுப் பாருங்க. தலைக்கு மேல ட்யூப்லைட், சுத்திலும் சீரியல் செட், பின்னால ஜெனரேட்டர், எர்த் இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்லை. 1960இல் வந்த ஜாஸ் பேஸ் நல்ல கருவி, நாதம் அருமை. ஆனா அதன் ரெண்டு வால்யூமையும் சமமா வைக்காம ஒண்ணைக் குறைச்சா ‘உம்ம்’னு இரைய ஆரம்பிக்கும். ஏர்கண்டிஷன் ஸ்டுடியோவில் அது பிரச்சினை இல்லை. தேர் நிக்கிற தெருவுல பிரச்சினை. அதனால் பிரிசிஷன் மாதிரிப் பிக்கப் உள்ளதைத் தேடுங்கள். பெண்டர் என்ற பெயர் தேவையில்லை. அதே நிறுவனத்தின் மலிவு வகையான ஸ்கொயரில் இருக்கிறது, பேர் தெரியாத கம்பெனிகளும் அதே அச்சில் செய்கின்றன.

ரெண்டாவது, நெக் திருகாணியால் பூட்டியதாக இருக்கட்டும். பின்னால் நாலு திருகாணி தெரியும். வேன் கூரையில் போட்டு நெக் உடைந்தால் வேறு நெக் மாற்றிவிடலாம். ஒரே கட்டையாக உடம்புக்குள் ஓடுகிற நெக் பார்க்க அழகு, உடைந்தால் பெரிய செலவு.

போன பயிலரங்கில் ஒரு தங்கச்சி கேட்டாள், ‘அண்ணா, முதல் கட்டைக்கு என் கை எட்டலையே’ என்று. 30 அங்குலக் குட்டை வகை உண்டு, எடையும் பொதுவாகக் குறைவு. கீழ் ஈ தந்தி கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், பழகிடும். நாலு மணி நேரம் தோளில் தொங்கப்போறது, டவுன் பஸ்ஸில் தூக்கிட்டு ஏறப்போறது. நாலு கிலோவுக்கு மேல போனா முதுகு நாளைக்குப் பேசும். இதில் ஆம்பளைப் பிள்ளைங்க வீராப்புக் காட்ட வேண்டாம்.

பழையது வாங்குவதே நல்லது என்பது என் கட்சி. நான் 2011இல் வாங்கிய ரெண்டாவது பேஸ் 8,500 ரூபாய், ஒரு சர்ச் பாடகர் குழுவிடமிருந்து. ஆறு மாசம் சேர்த்தேன். தண்டல் வாங்கலை, பொம்பளை கம்மலை அடகு வைக்கலை. மொதல் கருவிக்கே வட்டி கட்டிட்டிருக்கிறவன் ரெண்டாவதுக்கும் வட்டி கட்டினா, கச்சேரி முழுக்க வட்டிக்காரனுக்குத்தான் வாசிக்கிறான்.

பழையதைப் பார்க்கிற விதம் இருக்கு. பளபளப்பைப் பார்க்காதீங்க. ஒரு தந்தியை முதல் ப்ரெட்டிலும், உடம்போடு நெக் சேருகிற ப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் ப்ரெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி, ஒரு கார்டு நுழையும் அளவு, இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் நெக் வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரி செய்யலாம், ஆனால் அது திரும்புகிறதா என்று விற்கிறவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகிய ராடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து, ஒவ்வொரு ப்ரெட்டாக நாலு தந்தியிலும் அழுத்தி வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், காசு நம்முடையது. பிறகு பன்னிரண்டாவது ப்ரெட்டில் லேசாகத் தொட்டு ஒரு தரம், அழுத்தி ஒரு தரம். ரெண்டும் ஒரே சுரம் பேச வேண்டும். கொஞ்சம் விலகினால் பிரிட்ஜில் சரி செய்யலாம். வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம், அது தூசி. ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்க மறக்காதீங்க.

தந்தி பற்றி ஒன்று. கடலோரக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுத் தந்திக்குக் காசில்லாதபோது பழசைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து, துடைத்துக் காயவைத்துப் போடுவோம். ரெண்டு மூணு கச்சேரிக்கு உயிர் வரும். ரெண்டாவது கிட்டாருக்கு வழவழப்பான ‘பிளாட்வவுண்ட்’ தந்தியே போதும், வருசக்கணக்கில் கிடக்கும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தத் தந்தியை அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்குக் கரோலினாவில் 1936இல் பிறந்த கறுப்பர். டெட்ராய்ட் நகருக்கு வந்து மோடவுன் கம்பெனியின் எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர், வலது கையில் ஒரே ஒரு விரலால். உலகமே அந்த பேஸுக்கு ஆடியது. இசைத்தட்டு உறையில் அவர் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கேயின் ஒரு தட்டில்தான் மோடவுன் முதன்முதலாக அவர் பெயரை அச்சடித்தது. 1983இல் கம்பெனி தன் 25ஆம் ஆண்டு விழாவை நடத்தியபோது, அவர் வெளியே டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த வருசம் ஆகஸ்டில் செத்துப்போனார். சாவதற்குச் சில நாள் முன்னால் அவருடைய 1962 பிரிசிஷன் பேஸைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முந்தியவையும் திருடு போனவைதான். சாவுக்கு வாசித்தவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று என் அப்பாவை நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு விசயம், கொஞ்சம் சங்கடமானது. புது மலிவுக் கிட்டார் ஏன் மலிவு? தென் கொரியாவில் கோர்ட் என்ற கம்பெனி. தன் பெயரிலும் பெரிய பெயர்களுக்காகவும் கிட்டார் செய்து கொடுத்தது. 2007இல் கொரியத் தொழிலாளர்களை வெளியே தள்ளியது, ஆலைகள் மூடப்பட்டன, வேலை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. தொழிலாளர்கள் விடவில்லை. வருசக்கணக்காகக் கிட்டார் செய்தும் ஒரு நாளும் வாசிக்காதவர்கள், போராட்டப் பந்தலில் வாசிக்கக் கற்றுக்கொண்டு ஒரு குழுவே அமைத்தார்கள். 2019 ஏப்ரலில், 4,464 நாட்கள் கழித்து, உடன்பாடு வந்தது. ‘அப்ப நாங்க எதைத்தான் வாங்குறது?’ன்னு ஒரு தம்பி கேட்டான். இந்தோனேசியாவில் செய்கிறவரும் தொழிலாளிதானே, அவர் வயிற்றில் அடி என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் முழுப் பதில் இல்லை. பழையது வாங்குகிற என் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம், அவ்வளவுதான்.

தனியாளாக முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிட்டார் வாங்கிப் பொதுவில் வையுங்கள். எங்கள் பகுதியில் வைத்திருக்கிறோம். அன்றைக்கு யாருக்குக் கச்சேரியோ அவர் எடுத்துப் போவார், திரும்பும்போது தந்தியைத் துடைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரே நாளில் ரெண்டு பேருக்குக் கச்சேரி வந்தால் சண்டை வருகிறது. வருகிறதுதான். போன பங்குனியில் ரெண்டு வாரம் பேசாமல் இருந்தோம். அதற்காக விற்றுவிடவில்லை.

டீ வந்திருக்கிறது என்கிறார்கள். பின் அறையில் ரெண்டு கிட்டார் சாத்தி வைத்திருக்கிறேன். ஒன்றில் நெக் வளைந்திருக்கிறது, எது என்று நான் சொல்லப் போவதில்லை. எடுத்துப் பாருங்கள். வடைக் கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.