இல்லாத படத்தைக் கண்ட பிள்ளைகள்



திரையிலே காணும் வன்செயல் இளம் உள்ளங்களைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஒரு பென்னிக்கு விற்கப்பட்ட கொலை, கொள்ளைக் கதைகள் சிறுவரைக் கள்வராக்குகின்றன என்று அங்கே முறையிட்டனர். 1955இல் பயங்கரச் சித்திரக் கதைகளுக்கு எதிராகச் சட்டமே பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் அப்பழி வீடியோ நாடாக்களைச் சேர்ந்தது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. திரையரங்கிலே காட்டப்படும் படத்துக்குத் தணிக்கை உண்டு. வாசலிலே வயது கேட்பாரும் உண்டு. வாடகைக்கு எடுத்த நாடாவுக்கோ அன்று இவ்விரண்டும் இல்லை. பெற்றோர் கலங்கியதிலே வியப்பில்லை. ஆனால் கலக்கம் வேறு, கணக்கு வேறு. பள்ளிப் பிள்ளைகளிடம் வினாப்பத்திரம் கொடுத்து, அவர்கள் எழுதிய விடைகளைக் கொண்டு, மிகச் சிறிய பிள்ளைகளிலும் பெருந்தொகையினர் இக்கொடிய படங்களைப் பார்த்துவிட்டனர் என ஓர் அறிக்கை கூறிற்று. பத்திரிகைகள் அதனை முழங்கின.

அவ்விடைகளை ஐயுற்ற உளவியலாளர் கை கம்பர்பாட்ச் எளியதொரு சோதனை செய்தார். பதினொரு வயது மாணவரிடம் படப் பெயர்கள் பலவற்றைக் கொடுத்து, பார்த்தவற்றைக் குறிக்கச் செய்தார். அவற்றுட் சில புனைந்த பெயர்கள். அத்தகைய படங்கள் உலகிலேயே இல்லை. எனினும், நூற்றுக்கு 68 பேர் அந்த இல்லாத படங்களைக் கண்டதாகக் குறித்திருந்தனர்!

வகுப்பறையை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. தோழன் கண்டதைத் தான் காணவில்லை என்று சொல்லப் பிள்ளைக்கு மனம் வராது. பிறரோடு சமமாக நிற்கும் ஆசை அது. அவ்வாசையைச் சான்றாகக் கொண்டது பெரியோரின் தவறு.

வீட்டிலே பார்க்கும் படங்களையும் வயதுக்கேற்ப வகைப்படுத்த வேண்டும் என 1984இல் அந்நாட்டிலே சட்டம் வந்தது. அவ்வகைப்பாடு நல்லதே. ஆயினும் சட்டம் கேட்க இயலாத கேள்வியொன்று உண்டு. "பார்த்தாயா?" என்று கேட்டால், பிள்ளை பெருமைக்காக "ஆம்" என்று சொல்லும். "என்ன கண்டாய்? எது உன்னை அச்சுறுத்திற்று?" என்று அருகிருந்து கேளுங்கள். காணாத பிள்ளை தடுமாறும். உண்மையாகவே கண்டு, இரவிலே உறங்காமற் கிடக்கும் பிள்ளை வாய்திறக்கும். நமது ஆரவாரத்திலே கேளாமற் போவது அந்தப் பிள்ளையின் குரலே.