அரைப் புள்ளியின் பெருமை

சதுரங்கத்தில் வெற்றியையும் தோல்வியையுமே நாம் பேசுகிறோம். சமநிலையில் முடிந்த ஆட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை. தனியொருவர் ஆடும் போட்டியில் இவ்வலட்சியம் ஓரளவு பொருந்தலாம். அணியோடு அணி மோதுமிடத்திலோ, சமநிலை தரும் அரைப் புள்ளி பலருடைய உழைப்பைக் காக்கவல்லது.

1970-ஆம் ஆண்டில் பெல்கிரேடு நகரில் சோவியத் அணியும் ஏனைய உலக நாடுகளின் அணியும் மோதின. 10 பலகைகள், 4 சுற்றுகள். ஆக 40 ஆட்டங்கள். உலக அணியின் முதற்பலகையில் டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் லார்சன் அமர்ந்தார். எதிரே அந்நாளைய உலகச் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. முதற்சுற்றில் இருவரும் சமநிலை கண்டனர்.

இரண்டாம் சுற்றில் வெள்ளைக் காய்களைக் கொண்ட லார்சன், ராணிப் பக்கத்துக் குதிரையின் முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கினார். நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் உடனே கைப்பற்றாமல், ஓரத்தில் நிற்கும் பிஷப்பினால் தொலைவிலிருந்தே அவற்றைக் கண்காணிப்பது இத்தகைய பக்கவாட்டுத் தொடக்கங்களின் கருத்தாகும். 1924-இல் நியூயார்க்கில் ரிச்சர்டு ரெட்டி இவ்வகைத் தொடக்கத்தினாலேயே காப்பபிளாங்காவை வென்றார்.

ஆனால், நடுவை விட்டுக்கொடுப்பவர் காலத்தை வீணாக்கலாகாது. லார்சன் ஒரே குதிரையை மும்முறை நகர்த்தினார். ராஜாவைக் கோட்டைக்குள் சேர்க்கவில்லை. பத்தாம் நகர்த்தலில் அதன் அருகிலிருந்த சிப்பாயை முன்தள்ளி அரணையும் தளர்த்தினார். ஸ்பாஸ்கி குதிரையைப் பலியிட்டு வழி திறந்தார். பதினான்காம் நகர்த்தலில் யானையையும் பலியிட்டார். பதினேழே நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது.

இறுதிக் கணக்கில் சோவியத் அணிக்கு 20½ புள்ளிகள். உலக அணிக்கு 19½. அந்த ஓர் ஆட்டம் சமநிலையாகியிருப்பின், இரு அணிகளும் 20 புள்ளிகளில் நின்றிருக்கும்! எனினும், பழியை லார்சன் மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. உலக அணி தோற்ற ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இக்கணக்கே பொருந்தும். மேலும், அவர் மூன்றாம் சுற்றில் ஸ்பாஸ்கியையும், நான்காம் சுற்றில் ஸ்பாஸ்கிக்குப் பதிலாக வந்த லியோனிட் ஸ்டைனையும் வென்றார்.

நாம் நம்முடைய சிறு சங்கத்தின் அணிக்காக ஆடும்போதும் இதை நினைவிற்கொள்வது நன்று. எதிராளி சமநிலைக்குக் கை நீட்டினால், முதலில் பக்கத்துப் பலகைகளை நோக்க வேண்டும். நம்மவர் பின்தங்கியிருப்பின், அக்கையை மறுத்துப் போராடுவதே கடமை. முன்னணியில் இருப்பின், தனிப்புகழின் ஆசையை அடக்கி அரைப் புள்ளியை ஏற்பதே கடமை. எதைச் செய்தாலும் நமக்காக அன்று, அணிக்காகவே செய்கிறோம்.