கியர் விழவில்லையா?

ஆடி பிறந்தால் கொல்லிமலைக்குக் காரில் போகிறவர்கள் அதிகம். காரவள்ளி அடிவாரம் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிக்கடி கியர் மாற்ற வேண்டும். பாதி மலையில் கியர் விழாவிட்டால்? பதறாதீர்கள். முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள்.

வண்டியை ஓரம் கட்டுங்கள். கைப்பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, கியர் போட்டுப் பாருங்கள்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கிளட்சில். அணைத்தும் விழவில்லை என்றால், கியர் ராடிலோ கியர் பாக்ஸிலோ இருக்கலாம். இந்த ஒரு சோதனையை மறக்காதீர்கள்.

ஏன் அப்படி? நுகத்தை அவிழ்த்தால்தானே மாட்டை மாற்றிக் கட்ட முடியும்? இன்ஜினையும் கியரையும் அவிழ்த்துவிடுவதுதான் கிளட்சின் வேலை. அது சரியாக அவிழவில்லை என்றால் கியர் கறகறவென்று கத்தும், விழாது.

அடுத்து, மிதிக்குக் கீழே குனிந்து பாருங்கள். தரைவிரிப்பு சுருண்டு மிதியைத் தடுத்திருக்கலாம். இழுத்துவிட்டால் போதும். மிதி தொளதொளவென்று தரையைத் தொட்டால், கிளட்ச் ஆயில் கசிந்திருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம். அப்போது வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். கிளட்ச் தேய்ந்துபோகும். மலையேறும் முன்பு கிளட்சைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நீங்கள் மட்டுமல்ல, பின்னால் வருகிற பேருந்தும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்.