டூயல் பூட்டா, விர்ச்சுவல் மெஷினா?

தாம்பரத்துல பிளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச அரசு லேப்டாப்ல விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்துச்சு. பாஸ், சி-டாக் உருவாக்கினது. (ஆமா, பேரே பாஸ்தான்.)

அதுல 2 ஜிபி ராம். விர்ச்சுவல் மெஷின் போட்டா ரெண்டு ஓஎஸ்ஸும் அதையே பங்கு போட்டுக்கும், ரெண்டுமே நகராது. டூயல் பூட்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும், மொத்த ராமும் அதுக்குத்தான்.

ஆனா காலேஜ்ல உபுண்டு போடறேன்னு தப்பான பார்ட்டிஷனை அழிச்சுட்டேன். தாத்தாவோட கடைசி போட்டோக்கள் அதுலதான் இருந்துச்சு. பேக்கப்? எடுக்கல.

இப்போ 16 ஜிபி மெஷின். விர்ச்சுவல்பாக்ஸ்தான். உள்ள என்ன சொதப்பினாலும் அந்த விர்ச்சுவல் டிஸ்க் ஃபைலோட போயிடும். உங்களுது பழைய 4 ஜிபி மெஷினா? டூயல் பூட்டே போடுங்க, ஆனா போட்டோக்களை முதல்ல வேற டிரைவ்ல காப்பி பண்ணிட்டு.